சம்மதம் கேட்டால் வேலை நின்றுவிடுமா?

எல்லோரிடமும் சம்மதம் கேட்டால் நிறுவனம் நகராது என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெதர்லாந்தில் கேரார்ட் எண்டன்பர்க் தன் மின்பொறியியல் நிறுவனத்தில் கொண்டுவந்த வட்ட முறையைப் பாருங்கள். ஒவ்வொரு பிரிவில் வேலை செய்பவர்களும் ஒரு வட்டமாகக் கூடித் தங்கள் வேலை பற்றி முடிவெடுப்பார்கள், தங்களுக்கு மேலே உள்ள வட்டத்துக்குப் பிரதிநிதியும் அனுப்புவார்கள். இந்த முறையில் எல்லோருக்கும் ஒரு முடிவு பிடித்திருக்க வேண்டும் என்பதில்லை. வேலையைக் கெடுக்கும் என்று காரணத்தோடு யாராவது மறுத்தால் திருத்துவார்கள், மறுப்பு இல்லையென்றால் நடத்திப் பார்ப்பார்கள். அவ்வளவுதான்.

1970-களில் கப்பல் கட்டும் தொழில் சரிந்து அந்த நிறுவனத்துக்கு ஆர்டர் வறண்டபோது ஆட்குறைப்பு பற்றிப் பேச்சு வந்தது. அப்போது ஒரு தொழிலாளி, "ஆட்களை நிறுத்த வேண்டாம், புது ஆர்டர் தேட அனுப்பலாம்" என்றார். அவருடைய வட்டம் அவரையே மேல் வட்டத்துக்குப் பிரதிநிதியாக அனுப்பியது, யோசனையும் ஏற்கப்பட்டது. வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஒரு மனிதர் இப்படி வாய் திறந்தாரே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நான் முன்பு இருந்த அலுவலகத்தில் கூட்டம் முடிந்த பிறகு டீக்கடையில்தான் உண்மையான பேச்சே நடக்கும். உள்ளே எல்லோரும் "சரி சார்". அப்புறம் ஆளுக்கொரு முணுமுணுப்பு, ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம். மறுப்பைக் கூட்டத்திலேயே கேட்டிருந்தால் அந்தக் கசப்பில் பாதி வந்திருக்காது.