மாசம் 13 ஆயிரம் ‘தானாம்’!

தமிழில் ஏதாவது ஒரு சொல்லைத் தடை செய்ய எனக்கு அதிகாரம் கொடுத்தால், ‘தான்’ என்பதைத்தான் தடை செய்வேன்.

போன புதன்கிழமை ராத்திரி. ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் காவேரிப்பட்டணம் வந்து இறங்கி, வீட்டுக்குள் நுழைகிறேன். மச்சான் உட்கார்ந்திருக்கிறான். மனைவியின் தம்பி, தர்மபுரியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. கையில் கார் ஷோரூமில் கொடுத்த கொட்டேஷன். முகத்தில் கல்யாணக் களை. “மாமா, மாசம் 13 ஆயிரத்து 75 ரூபாய்தான்!”

தானாம். பையனுக்குக் கையில் வருகிற சம்பளம் 28 ஆயிரம். அதில் கிட்டத்தட்ட பாதியைத் தூக்கி ஒரு தகர டப்பாவுக்குக் கொடுத்துவிட்டு ‘தான்’ என்கிறான். இந்தத் ‘தானை’ அவன் வாயில் வைத்து அனுப்பியது யார்? ஷோரூமில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பி. அவர் “உங்க சம்பளம் எவ்வளவு சார்” என்று கேட்பதே இல்லை. “மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்” என்றுதான் கேட்பார். நாம் 17 ஆயிரம் முடியாது என்றால், “அப்ப 7 வருஷமா போட்டுக்கலாம் சார்” என்று கால்குலேட்டரை நம் பக்கம் திருப்பிக் காட்டுவார். 17 ஆயிரம் 13 ஆயிரமாகிவிடும். நமக்கும் என்னவோ 4 ஆயிரம் ரூபாயைச் சும்மா கொடுத்த மாதிரி ஒரு பூரிப்பு.

அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். எக்ஸ் ஷோரூம் விலை 8,40,000. அதற்கு 13 சதவீதம் லைஃப் டாக்ஸ் (ஒரே தடவையில் கட்டுகிற சாலை வரி), 1,09,200. இன்சூரன்ஸ் 42,000. பதிவு, ஃபாஸ்டேக், ஹேண்ட்லிங் என்று 9,000. (எதை ஹேண்டில் செய்தார்கள்? என் மச்சானைத்தான்.) சீட் கவர், மிதியடி, பின்னால் கேமரா என்று 25,000. கூடுதல் வாரன்டி 15,000. ஆக மொத்தம் 10,40,200. இதில் 8 லட்சம் கடன், மீதி 2,40,200 கைக்காசு. கைக்காசு எங்கிருந்து வரும் என்று கேட்டேன். பாதி சீட்டுப் பணம், பாதி அத்தை வளையல். அதாவது என் மாமியாரின் வளையல் அடகுக்கடைக்குப் போகும், அங்கே ஒரு வட்டி ஓடும், அந்த வட்டி இந்த 13 ஆயிரத்தில் சேராது. இதை அந்தக் கால்குலேட்டர் காட்டுமா?

8 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டி. 5 வருடம் என்றால் மாதம் 16,802 ரூபாய், மொத்த வட்டி 2 லட்சத்து 8 ஆயிரம். 7 வருடம் என்றால் வட்டி 2 லட்சத்து 98 ஆயிரம். அந்தப் பூரிப்புக்கு விலை 90 ஆயிரம் ரூபாய் ஐயா! இதில் இன்னொருத்தர் வேறு, தெருமுனை ஃபைனான்ஸ்காரர், “பேங்க்ல 9.5, நான் 6 சதவீதத்துக்கே தர்றேன் தம்பி” என்று சொல்லியிருக்கிறார். அவர் சொல்வது ஃப்ளாட் வட்டி. அசல் குறையக் குறைய வட்டி குறையாது, கடைசி மாதம் வரை முழு 8 லட்சத்துக்கும் வட்டி ஓடும். பேங்க் கணக்கில் பார்த்தால் அந்த 6 ஏறக்குறைய 11 சதவீதம். மச்சான் பி.காம்.

முதலில் அவன் பார்த்தது இதற்கும் மேல் மாடல் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 2025 செப்டம்பர் 22-இல் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டியை 28-இலிருந்து 18 ஆக்கினார்கள் இல்லையா? நியாயமாக என்ன நடக்க வேண்டும்? அதே காரைக் குறைந்த விலைக்கு வாங்க வேண்டும். நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? “விலை குறைஞ்சிடுச்சுல்ல, அதே காசுக்கு டாப் மாடல் எடுத்துடலாம்” என்றார்கள். கூரையில் ஒரு ஓட்டை வேண்டுமாம், அதற்குப் பெயர் சன்ரூஃப். வெயில் காலத்தில் கிருஷ்ணகிரி மேம்பாலத்துக்கு அடியில் 10 நிமிடம் சிக்னலில் நிற்கிறவனுக்கு மண்டைக்கு மேல் கண்ணாடி எதற்கு? அந்த மாடல் 10,20,000. நம் ஊர் லைஃப் டாக்ஸில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. 2023-இல் வரியை ஏற்றியதிலிருந்து 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18. 9,90,000 ரூபாய் காருக்கு வரி 1,28,700. வெறும் 30 ஆயிரம் கூடுதலாக 10,20,000 ஆனால் வரி 1,83,600. ஓட்டைக்கு மட்டும் 55 ஆயிரம் வரி! இதைச் சொன்னதும்தான் அந்த மாடலை விட்டானாம். சொன்னது நானில்லை, ஷோரூம் வாசலில் டீ விற்கிறவர்.

என்னடா இவ்வளவு பேசுகிறானே, இவன் காரே இல்லாத சாமியாரா என்று கேட்கலாம். இல்லை. எனக்கும் ஒரு கார் இருக்கிறது. அதனால்தான் இந்த எரிச்சல்.

3 வருடத்துக்கு முன்னால் 6,50,000 கடன், 7 வருடம், மாதத் தவணை 10,624. அப்போது எனக்குச் சம்பளம் 38 ஆயிரம், இப்போது 42. தினமும் வேலைக்குப் போவது கம்பெனி பஸ்ஸில். கார் என்ன செய்கிறது? வீட்டு வாசலில் வேப்ப மரத்தடியில் சாம்பல் நிறக் கவரைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. கவருக்கு மேல் காக்கா எச்சம், கவருக்கு உள்ளே எலி. ஒரு தடவை எலி கடித்த ஒயருக்கு மட்டும் 3,800 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை துடைப்பேன். தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை பைரவர் கோயில், ஆடியில் ஒகேனக்கல், ஏதாவது கல்யாணம் காதுகுத்து. மாதம் 500 கிலோமீட்டர் ஓடினால் அதிகம்.

ஒரு நாள் தூக்கம் வராமல் கணக்குப் போட்டேன். தவணை 10,624. இன்சூரன்ஸை மாதத்துக்குப் பிரித்தால் 1,500. சர்வீஸ் 750. பெட்ரோல் 3,200. சுங்கம் 400. கூட்டினால் 16,474. கிலோமீட்டருக்கு 33 ரூபாய்! எங்கள் பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கிற வாடகைக் கார்க்காரர் கிலோமீட்டருக்கு 15 ரூபாய் கேட்டால், “என்னண்ணா அநியாயமா இருக்கு” என்று சண்டை போடுகிறவன் நான். டிரைவர் பேட்டாவையும் சேர்த்துப் பார்த்தால், அப்பவும் எனக்கு இதைவிடக் குறைவாகத்தான் ஆகும்.

அதைவிடக் கொடுமை, போன மாதம் பேங்கில் கடன் ஸ்டேட்மென்ட் வாங்கினேன். 36 தவணை, ஒன்றுகூடத் தவறாமல், 3 லட்சத்து 82 ஆயிரம் கட்டியிருக்கிறேன். அசலில் எவ்வளவு குறைந்திருக்கிறது தெரியுமா? 2 லட்சத்து 27 ஆயிரம். இன்னும் 4 லட்சத்து 23 ஆயிரம் பாக்கி. இந்தப் பக்கம் இன்சூரன்ஸ்காரர் 3 வருடம் தாண்டிய காருக்கு 40 சதவீதம் தேய்மானம் கழிக்கிறார். 5 வருடத்தில் பாதி மதிப்பு போய்விடும், அதற்கப்புறமும் 2 வருடம் நான் தவணை கட்ட வேண்டும்.

தவறாமல் கட்டினேன் என்றேன் இல்லையா, அதிலும் ஒரு கதை. கார் வாங்கும்போது என் மனக்கணக்கு, “சம்பளம் பத்தலைனா அப்பாவோட மாங்காய்க் காசு இருக்கு.” 2025 சீசனில் எங்கள் தோப்பு பெங்களூரா மாங்காயைக் கிலோ 5 ரூபாய்க்குக்கூட எடுக்க ஆளில்லை. பறிக்கிற கூலி, வண்டி வாடகை கட்டாது என்று பாதியை மரத்திலேயே விட்டோம். கீழே விழுந்து அழுகின வாடை வீடு வரைக்கும் வந்தது. அந்த மாதம் 5-ஆம் தேதி தவணைக்கு மனைவியின் செயின் போனது. மாங்காய் அழுகும், பேங்க் தேதி அழுகாது.

சரி, சம்பளத்தில் எவ்வளவுதான் காருக்குப் போடலாம்? இதற்கு மச்சான் ஒரு பதில் வைத்திருந்தான். அமெரிக்காவில் ஒரு விதி இருக்கிறதாம், 20/4/10. 20 சதவீதம் முன்பணம், 4 வருடக் கடன், காருக்கு ஆகிற எல்லாச் செலவும் சேர்த்து வருமானத்தில் 10 சதவீதத்துக்குள். “நான்தான் 20 சதவீதத்துக்கு மேலயே கட்டுறேனே மாமா” என்கிறான். 20-ஐப் பிடித்துக்கொண்டான், 4-ஐயும் 10-ஐயும் வசதியாக மறந்துவிட்டான். 28 ஆயிரத்தில் 10 சதவீதம் 2,800. அது பெட்ரோலுக்கே காணாது. அந்த விதிப்படி அவன் வாங்க வேண்டியது கார் இல்லை, காருக்குச் சாவிக்கொத்து.

எனக்கு அந்த விதியிலும் முழு உடன்பாடு கிடையாது. நம் வீடுகளில் சம்பளம் என்பது முழுதாக நம் பணமா? வாடகை போகணும், குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் போகணும், ஊரில் அம்மாவுக்கு மாத்திரை, நகைக்கடன் வட்டி, சீட்டு, சொந்தக்காரர் வீட்டு மொய். இதெல்லாம் போய்ச் சட்டைப் பையில் மிஞ்சுகிறதே, அதற்குத்தான் சதவீதம் போட வேண்டும். பேங்க்காரர் முழுச் சம்பளத்துக்குப் போடுகிறார், பாதி வரை தவணைக்குப் போகலாம் என்கிறார். அவர் போடுவது அவர் காசு திரும்பி வருமா என்கிற கணக்கு. மீதிப் பாதியில் நாம் கஞ்சி குடிக்கிறோமா, தண்ணீர் குடிக்கிறோமா என்பது அவர் கவலை இல்லை. மச்சானுக்கு எல்லாம் போக மாதம் 9 ஆயிரம் மிஞ்சும். 13 ஆயிரத்து 75-ஐ எங்கிருந்து எடுப்பான்? “சமாளிச்சுக்கலாம் மாமா.” இந்தச் ‘சமாளிச்சுக்கலாம்’, ‘தானு’க்கு அக்கா.

சுங்கத்துக்கும் பதில் வைத்திருக்கிறான். வருட பாஸ் எடுத்தால் 200 தடவை போகலாமாம். தீபாவளிக்குத் துணி எடுக்கத் தொப்பூர் தாண்டிச் சேலம் போகிறவனுக்கு 200 தடவை!

கடைசியில் உண்மை வெளியே வந்தது. அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். தரகர் சொல்லியிருக்கிறார், “இப்பல்லாம் பொண்ணு வீட்ல முதல்ல கார் இருக்கான்னுதான் கேக்குறாங்க.” கேட்கட்டும். கார் இருக்கா என்று கேட்கிற வாய், ஆர்சி புக்கில் கடன் என்று எந்த பேங்க் பெயர் இருக்கிறது என்றும் கேட்க வேண்டாமா? கல்யாணமாகி முதல் மாதம் 5-ஆம் தேதி அந்தப் பெண்ணின் செயினும் போகும், அப்போது தரகர் வருவாரா?

ஒன்றரை மணி நேரம் கத்தினேன். மனைவி தோசையை ஆற வைத்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் பொறுமையாகக் கேட்டான், கொட்டேஷனை நாலாக மடித்துப் பையில் வைத்தான்.

“சரி மாமா. ஞாயித்துக்கிழமை ஊத்தங்கரையில பொண்ணு பாக்கப் போறோம். உங்க காரைக் குடுங்க.”

கொடுத்தேன். சனிக்கிழமை சாயந்திரம் துடைத்து, 1,000 ரூபாய்க்குப் பெட்ரோலும் போட்டுக் கொடுத்தேன். ஞாயிறு ராத்திரி 9 மணிக்குத் திரும்பி வந்தான், ரிசர்வ் விளக்கு எரிய. பெண் வீட்டில் பிடித்துவிட்டதாம். “கார் சொந்தமா தம்பி” என்று கேட்டார்களாம்.

“என்னடா சொன்ன?”

“ஆமான்னுட்டேன் மாமா.”