நிற்பாட்டேல்லை, புதுப்பிக்கேல்லை

"உங்களை நாங்கள் வேலையால நிற்பாட்டேல்லை தங்கச்சி. கொன்ட்ராக்ட் முடிஞ்சுது, புதுப்பிக்கேல்லை. அவ்வளவுதான்."

ஒப்பந்த வேலையில் இருக்கும்போது பிள்ளைத்தாச்சியான பெண்ணுக்கு யாழ்ப்பாணத்தில் சொல்லப்படுகிற வசனம் அநேகமாக இதுதான். கர்ப்பம் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை வேலைநீக்கம் செய்யக்கூடாது என்று சட்டம் இருப்பது மனேஜர்மாருக்கும் தெரியும். அதனால் எவரும் நீக்குவதில்லை. கடைசித் திகதிவரை நல்ல மாதிரிக் கதைத்துக்கொண்டு இருப்பார்கள். திகதி வந்ததும் கைரேகை மெசினில் விரல் வேலை செய்யாது.

நியாயம் யார் பக்கம் என்று முகநூலில் சண்டை பிடிப்பதால் இதில் ஒன்றும் ஆகாது. திகதிகளும் கடுதாசிகளும்தான் முடிவு சொல்லும். ஆகவே அவற்றைப் பற்றியே எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் எந்தச் சட்டத்துக்குள் வருகிறீர்கள் என்று பாருங்கோ. வங்கி, லீசிங் கம்பனி, சுப்பர் மார்க்கெட், புடவைக்கடை, தனியார் அலுவலகம் என்றால் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். தையல் தொழிற்சாலை, மீன் பதனிடும் இடம், அச்சுவேலி கைத்தொழிற்பேட்டை மாதிரி இடங்களில் உற்பத்தி வேலை என்றால் 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். அரச அலுவலகம் என்றால் அரச ஊழியருக்கான விதிகள் அடங்கிய தாபன விதிக்கோவை.

இந்த மூன்றும் ஒன்றல்ல. கடை, அலுவலகச் சட்டத்தில் 84 நாள் முழுச் சம்பள லீவு: பேற்றுக்கு முன் 14, பின் 70. வார விடுமுறை, போயா, சட்டபூர்வ விடுமுறைகள் அந்த 84க்குள் சேராது. ஆகவே கலண்டரில் அது நாலு மாதத்துக்குக் கிட்டப் போகும். கட்டளைச் சட்டத்தில் 12 கிழமை: முன்னுக்கு 2, பின்னுக்கு 10. முந்தி மூன்றாம் பிள்ளையிலிருந்து பாதிதான் கொடுத்தார்கள். 2018இல் இரண்டு சட்டங்களையும் திருத்தி எத்தனையாவது பிள்ளை என்றாலும் ஒரே அளவு என்று ஆக்கினார்கள். "மூண்டாவதுக்கு 42 நாள்தான்" என்று இன்றைக்கும் சொல்கிற எச்.ஆர். ஆட்கள் இருக்கிறார்கள். பழைய கோப்பைப் பார்த்துச் சொல்கிறார்கள். பிள்ளை உயிரோடு பிறக்காவிட்டால்தான் 42 நாள்.

அரச பக்கத்தில், தாபன விதிக்கோவையின் XIIஆம் அத்தியாயப்படி தற்காலிக, அமைய, பயிலுனர் பதவிகளில் இருப்பவர்களுக்கும் முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள் உண்டு. "நீங்கள் இன்னும் நிரந்தரமில்லை, உங்களுக்கு இல்லை" என்று ஒரு பிரதம எழுதுவினைஞர் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கோ. எழுத்தில் கேட்டவுடன் பல பேருக்கு விதிக்கோவை ஞாபகம் வரும். ஆனால் தொண்டர் என்ற பெயரில் கொடுப்பனவுக்கு வேலை செய்பவர்களுக்கு நிலைமை வேறு. அங்கே நியமனமே இல்லை. லீவு எங்கிருந்து வரும்? எத்தனையோ பள்ளிக்கூடம் தொண்டர் ஆசிரியராக நின்ற அந்தப் பிள்ளைகளை வைத்துத்தான் ஓடியது என்பதை நினைக்கக் கோபம்தான் வருகிறது.

இனி எண்கள். கட்டளைச் சட்டத்தின்கீழ் மகப்பேற்றுக் காசு கிடைக்க, முந்திய ஒரு வருடத்துக்குள் அதே வேலை கொள்வோரிடம் 150 நாள் வேலை செய்திருக்க வேணும். கிழமைக்கு ஆறு நாள் வேலை என்றால் 25 கிழமை. உங்கள் ஒப்பந்தம் ஆறு மாதமாக இல்லாமல் ஐந்தரை மாதமாக வெட்டப்பட்டிருந்தால், அந்தக் கணக்கை யாரோ உங்களுக்கு முன்னமே போட்டுவிட்டார்கள்: 24 கிழமையை ஆறால் பெருக்கினால் 144. ஆறு நாளில் தவறிப்போகும். கடை, அலுவலகச் சட்டத்தில் இந்த 150 நாள் நிபந்தனை இல்லை.

மேன்பவர் கம்பனி மூலம் வேலைக்குப் போகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேணும். 150 நாள் 'அதே வேலை கொள்வோரிடம்' என்பதுதான் பொறி. இடம் அதே இடம், கதிரை அதே கதிரை, சுப்பவைசரும் அதே ஆள். ஆனால் ஆள் வழங்குகிற ஏஜென்சி மாறினால் உங்கள் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது என்று வாதிடுவார்கள். உங்கள் ஈ.பி.எவ்.வை (ஊழியர் சேமலாப நிதியை) யார் கட்டுகிறார் என்று சம்பளச் சிட்டையில் பாருங்கோ. ஏஜென்சி மாறிய மாதத்தையும் குறித்து வையுங்கோ.

அதைவிட மோசமானது 'ஆலோசகர்' ஒப்பந்தம். திட்டங்களில் வேலை செய்கிற பட்டதாரிப் பிள்ளைகளுக்கு இது பரவலாகக் கொடுக்கப்படுகிறது. சம்பளம் என்று போடாமல் 'கட்டணம்' என்று போட்டிருக்கும், ஈ.பி.எவ். இருக்காது. ஈ.பி.எவ். என்பது முதல் நாளிலிருந்து கட்டவேண்டியது. தற்காலிகம், பயிலுனர், துண்டுக் கணக்கு என்ற வேறுபாடு அதற்குக் கிடையாது. உங்களிடம் 8, அவர்களிடம் 12, அதற்கு மேல் ஈ.ரி.எவ். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம். அது இல்லையென்றால் உங்களை ஊழியராகவே அவர்கள் காட்டவில்லை. அப்படியானாலும் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து எவரும் தீர்ப்பளிப்பதில்லை. எட்டரைக்கு வரச்சொன்னது யார், லீவு கேட்டது யாரிடம், லப்டொப் யாருடையது, வேறு இடத்தில் வேலை செய்யத் தடை இருந்ததா என்பதையெல்லாம் பார்ப்பார்கள். அந்த ஈமெயில்களைச் சொந்த முகவரிக்கு அனுப்பி வையுங்கோ. வேலை முடிகிற அன்று அலுவலக ஈமெயில் பூட்டப்படும். அதற்குப் பிறகு ஒன்றும் எடுக்கேலாது.

புதுப்பிக்காமல் விடுவதற்கு வருவோம். ஒரு திட்டம் உண்மையிலேயே முடிந்து, காசும் முடிந்து, எல்லாரும் வீட்டுக்குப் போகிறார்கள் என்றால், ஒப்பந்தம் முடிந்ததுதான். அதில் பெரிதாக ஒன்றும் செய்யேலாது. ஆனால் மூன்று நாலு தரம் புதுப்பித்த ஒப்பந்தம், நிரந்தரமாகத் தேவைப்படுகிற வேலை, நீங்கள் போன மறுநாள் அதே கதிரையில் புது ஆள் என்றால், அது பெயருக்குத்தான் ஒப்பந்தம் என்று வாதிட இடம் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழில் முடிவுறுத்தல் சட்டப்படி, 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில், 12 மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்த ஒருவரை, ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த எதற்காகவும் அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ இல்லாமல் நீக்கேலாது. இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவில் நாலைந்து நாள் இடைவெளி விடுவது எதற்கென்று இப்போது விளங்கும்: வேலை தொடர்ச்சியாக இருக்கவில்லை என்று பிறகு வாதிடத்தான். அந்த நாட்களில் வேலைக்கு வரச்சொல்லி வாட்ஸ்அப்பில் தகவல் வந்திருந்தால் அதைத் தங்கம் மாதிரிப் பாதுகாக்க வேணும். இடைவெளி இருக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

மேலே சொன்ன அந்த "எழுத்துமூலச் சம்மதம்" என்ற சொல்லில்தான் கூடுதலான பேர் விழுகிறார்கள். "நீங்களே விலகிற மாதிரி ஒரு கடிதம் தாங்கோ பிள்ளை, பிறகு வரேக்க எடுக்கிறம், சேர்ட்டிபிக்கேற்றும் நல்லா இருக்கும்" என்பார்கள். அந்தக் கடிதத்தோடு எல்லாம் முடிந்துவிடும். திரும்ப எடுக்கிறோம் என்பது வாயால் சொன்னது. விலகுகிறேன் என்பது நீங்கள் கையெழுத்துப் போட்டது. அன்றைக்கே கையெழுத்து வேணும் என்று நின்றால், "வீட்டில கேட்டிட்டுச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு வெளிக்கிடுங்கோ. வேறு எதற்கு உதவாவிட்டாலும், வீட்டைக் கேட்கிற எங்கள் பழக்கம் இந்த இடத்தில் உதவும்.

எப்போது சொல்வது? இதில் எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. மறைக்கக்கூடிய வரைக்கும் மறை என்று அம்மாமார் சொல்வார்கள். நான் அதற்கு மாறு. புதுப்பிக்கும் நேரத்தில் கர்ப்பமாக இருக்கிறேன் என்று நீங்களாகச் சொல்ல வேண்டிய கடமை இல்லை. ஒரு மாதத்துக்குள் புது ஒப்பந்தம் வரவிருக்கிறது என்றால், கையெழுத்தான பிறகு சொல்லலாம். அது பிழையில்லை. ஆனால் அதற்குப் பிறகும் ஏழாம் மாதம்வரை பேசாமல் இருந்தால், பின்னால் "எங்களுக்குத் தெரியவே தெரியாது, வேலைத்திறன் காணாது எண்டுதான் விட்டனாங்கள்" என்று அவர்கள் சொல்ல வழி திறக்கிறது. தெரியாத ஒன்றுக்காக எவரும் நீக்கியிருக்க முடியாது அல்லவா? தெரியும் என்பதற்குத் திகதி போட்ட கடுதாசி வேணும். எக்ஸ்ரே, இரசாயனம், பாரம் தூக்குதல், கண்ணிவெடி அகற்றும் களவேலை என்றால் காத்திருக்கவே வேண்டாம். தெரிந்த கிழமையே சொல்லுங்கோ. பேற்றுக்கு முந்திய மூன்று மாதமும் பிந்திய மூன்று மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ தீங்கான வேலை கொடுக்கக்கூடாது என்று கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தீங்கு கூடுதலாக நடப்பது முதல் மூன்று மாதத்தில். அங்கே சட்டம் உங்களுக்காகப் பேசாது, நீங்கள்தான் பேசவேணும்.

கடிதம் நீளமாக வேண்டாம். கர்ப்பமாக இருக்கிறேன், பிரசவத் திகதி இன்னது, இன்ன திகதியிலிருந்து மகப்பேற்று லீவு எடுக்க உத்தேசம், வைத்தியச் சான்றிதழ் இணைத்திருக்கிறேன், லீவு முடிய வேலைக்குத் திரும்புவேன். ஐந்து வசனம் போதும். திரும்புவேன் என்ற வசனத்தை மட்டும் விடவேண்டாம். அது இல்லாவிட்டால் "அவ வரமாட்டா எண்டு நினைச்சம்" என்பார்கள். ஈமெயிலில் ஒன்று, பதிவுத் தபாலில் ஒன்று. தபாற்கந்தோரில் தருகிற துண்டை எறியாதேங்கோ. வைத்தியச் சான்றிதழுக்கு முன்னமே உங்களிடம் ஒரு நல்ல ஆவணம் இருக்கிறது: மிட்வைஃப் பதிந்து தருகிற கர்ப்பிணி அட்டை. பதிந்த திகதியும் பிரசவத் திகதியும் அதில் இருக்கும். ஒவ்வொரு கிளினிக்கும் முடிய ஒரு படம் எடுத்து வையுங்கோ. கர்ப்பிணிகளுக்கான போசாக்குக் கொடுப்பனவும் மிட்வைஃப் பதிவை வைத்துத்தான் வருகிறது. வேலை போனாலும் அது போகாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒப்பந்தம் தை 1இலிருந்து மார்கழி 31வரை. பிரசவத் திகதி கார்த்திகை 20. லீவு கார்த்திகை முதல் கிழமையில் தொடங்கினால், கிழமைக்கு ஐந்து நாள் வேலை செய்கிற அலுவலகத்தில் 84 வேலை நாள் பங்குனி நடுப்பகுதிவரை போகும். ஒப்பந்தமோ நடுவில், பிள்ளைக்கு ஆறு கிழமை இருக்கும்போது முடிகிறது. கம்பனி மார்கழியோடு சம்பளத்தை நிறுத்தும். இப்படி வருமென்று தெரிந்தால் ஆவணி, புரட்டாதியிலேயே அடுத்த வருடத்துக்கான புதுப்பித்தல் பற்றி எழுத்தில் கேட்டுவிட வேணும், லீவில் போன பிறகு அல்ல. மற்ற எல்லாருக்கும் மார்கழியில் புதுப்பித்து உங்களை மட்டும் விட்டால் அந்த ஒப்பீடே உங்கள் வழக்கு. ஆகவே யார் யாருக்குப் புதுப்பித்தார்கள் என்று தெரிந்து வையுங்கோ.

கிளினிக் நாட்களும் ஒரு சின்னச் சிக்கல். கடை, அலுவலகச் சட்டத்தில் முதல் வருடத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு நாள்தான் அமைய லீவு (கசுவல் லீவு). அதைத் தலையிடிக்கும் கோயில் திருவிழாவுக்கும் எடுத்து முடித்துவிட்டால், கடைசி மாதக் கிளினிக்குகளுக்குச் சம்பளம் வெட்டுவார்கள். பிறகு அந்த வெட்டையே காட்டி "வரவு ஒழுங்கில்லை" என்று எழுதுவார்கள். கிளினிக் போன நாளுக்கு அட்டையின் பிரதியை இணைத்து லீவு கேளுங்கோ.

முதலாளிமாரை மட்டும் திட்டுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. யாழ்ப்பாண நகரத்தில் ஆறு பிள்ளைகளை வேலைக்கு வைத்துக் கடை நடத்துகிறவர், ஒருவருக்கு நாலு மாதச் சம்பளத்தைத் தன் கையால் கொடுத்து, பதிலுக்கு ஒருவரையும் வைக்க வேணும். மகப்பேற்றுச் செலவைத் தனி முதலாளியின் தலையில் போடக்கூடாது என்று சொல்கிற சர்வதேசத் தொழில் அமைப்பின் 103ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993இலேயே ஏற்றது. அதற்குப் பிறகும் செலவு முழுக்க அவர் தலையில்தான். மாதாமாதம் ஈ.ரி.எவ். வாங்கத் தெரிந்த நாட்டுக்கு, அதே மாதிரி ஒரு பொது நிதியத்திலிருந்து இந்தக் காசைக் கொடுக்கத் தெரியாமலா போனது? அது வரும்வரை கலியாணம் முடித்த பிள்ளையை வேலைக்கு எடுக்கத் தயங்குவதும், எடுத்தால் துண்டு துண்டாக ஒப்பந்தம் போடுவதும் நிற்காது.

முறைப்பாடு என்றால், தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கோ. மகப்பேற்றுக் காசு, ஈ.பி.எவ்., நியமனக் கடிதம் தராதது எல்லாம் அங்கேதான். 15 பேருக்குக் குறைந்த இடத்தில் வேலை போனால் தொழில் நியாய சபை. லோயருக்குக் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழு. வேலை போனதற்குத் திணைக்களத்துக்குப் போனாலும் நியாய சபைக்குப் போனாலும் கால எல்லை மாதக்கணக்கில்தான். பிள்ளைக்குப் பல்லு முளைத்த பிறகு பார்ப்போம் என்று விட்டால் போய்விடும். அரச நிறுவனம் என்றால் இன்னும் இறுக்கம்: உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. யாழ்ப்பாணத்திலேயே அலுவலகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியால் வந்த கிழமையில் நீங்கள் போகேலாது. புருசனோ அண்ணனோ உங்கள் கையெழுத்தோடு கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.

புதுப்பித்துத் திரும்பப் போகிறவர்களுக்கும் ஒரு சொல். புது ஒப்பந்தத்தின் தொடக்கத் திகதியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதேங்கோ. பழைய ஒப்பந்தம் முடிந்த மறுநாளிலிருந்து போட்டிருக்கிறார்களா, நீங்கள் திரும்பி வந்த நாளிலிருந்தா? பழைய ஈ.பி.எவ். இலக்கமா, புதிசா? லீவு காலத்தை வெளியே தள்ளிவிட்டுப் 'புது நியமனம்' என்று போட்டிருந்தால், அந்த இடத்திலேயே பேனையை வைத்துவிட்டுத் திருத்தித் தரச் சொல்லுங்கோ.