லேசாகத் தேய்த்தால் போதுமாம்!

"லேசாகத் தேய்த்துவிடு, அஞ்சு நிமிஷ வேலை." ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பற்றி யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் தேய்த்ததில்லை என்பது இப்போது எனக்கு உறுதியாகத் தெரியும். என்னுடைய மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இந்த அஞ்சு நிமிஷத்தில் காணாமல் போயிருக்கின்றன.

என் ஸ்டெயின்லெஸ் ரிவால்வரின் சைடு பிளேட், அதாவது உள்ளே இருக்கும் விசை வேலைகளை மூடுகிற பக்கத் தகடு, உறைக்குள் போய்வந்து போய்வந்து வழவழவென்று ஆகிவிட்டது. நடுவில் நாலைந்து கீறல் வேறு. ஃபிரேமில், அதாவது துப்பாக்கியின் உடலில், மற்ற இடமெல்லாம் ஒரே திசையில் மெல்லிய இழை ஓடும் மங்கல் பரப்பு. இந்த ஒரு தகடு மட்டும் தேய்ந்த காசு மாதிரி. சரி, இதை மட்டும் சரிசெய்வோம் என்று உட்கார்ந்தேன். தோட்டா போடுகிற சுழல் உருளை, அதாவது சிலிண்டர், காலியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தேன். அன்று நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான்.

கழற்றுவதில்கூடத் தப்பு செய்யவில்லை. திருகுகளை எடுத்தபின் தகட்டை நெம்பக் கூடாது. பிடியின் இரும்பில் சுத்தியலின் மரக்கைப்பிடியால் நாலு தட்டு தட்டினால் அதுவே எழும்பி வந்துவிடும். வந்தது. வந்ததைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகத் தேய்த்தேன் பாருங்கள், அங்கேதான் போயிற்று எல்லாம்.

அந்தத் தகடு ஃபிரேமோடு பொருந்துகிற விளிம்பு, கோடு தெரியாத அளவுக்கு இழைத்துப் பொருத்தப்பட்டது. தனியாகப் பிடித்துத் தேய்த்தால் நடுவைவிட விளிம்புதான் அதிகம் தேயும். கூர் மழுங்கும். திரும்ப மாட்டிப் பார்த்தால், முன்பு தேடினாலும் கிடைக்காத இணைப்புக் கோடு இப்போது சுற்றிலும் வாய்க்கால் வெட்டியது போல நிற்கிறது. உலோகத்தை எடுக்கத்தான் முடியும், திரும்ப வைக்க முடியாது. உள் பாகங்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, வெறும் தகட்டை மட்டும் அதன் இடத்தில் திருகி, ஃபிரேமையும் தகட்டையும் ஒரே பரப்பாக நினைத்துத் தேய்த்திருக்க வேண்டும். இதை எவராவது முதலிலேயே சொன்னார்களா? "லேசாகத் தேய்" மட்டும்தான்.

அடுத்த கூத்து, சுழலும் கைமெஷின். நிமிஷத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற அந்தச் சனியனில் ஃபெல்ட் சக்கரம் மாட்டி, பச்சை மெருகுக் கட்டியைத் தடவி (அந்தப் பச்சை வேறொன்றுமில்லை, குரோமியம் ஆக்சைடு) ஓட்டினேன். பத்து நிமிஷத்தில் தகட்டில் என் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் இருந்த முட்டாள்தனமும் தெரிந்தது. மங்கலான துப்பாக்கியில் கண்ணாடி போல ஒரு சில்லு! அதுவும் சமமான கண்ணாடி இல்லை. சின்னச் சக்கரம் அங்கங்கே பள்ளம் பறித்ததில், வெளிச்சத்தில் சாய்த்தால் குளத்துத் தண்ணீர் மாதிரி அலை அடிக்கிறது.

பளபளப்பைக் குறைக்க இரும்புப் பஞ்சு போடு என்றார் இன்னொரு மகானுபாவர். போட்டேன். அழகாக மங்கியது. இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் பொட்டுப் பொட்டாகத் துரு! ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் துரு! இது ஸ்டீலின் குற்றம் இல்லை. குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருப்பதால் மேலே கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்சைடு படலம் உருவாகி அதைக் காப்பாற்றுகிறது. சாதாரண இரும்புப் பஞ்சின் துகள்கள் அந்தப் பரப்பில் பதிந்துவிட்டால், முதலில் துருப்பிடிப்பது அந்தத் துகள்கள். சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துக் கழுவி ஒருவழியாகப் போக்கினேன். இரும்புப் பஞ்சுக்குப் பதில் நைலான் நார்ப்பட்டை (பாத்திரம் தேய்க்கும் பட்டை மாதிரி) என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த வேலையே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 1913-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் உலோகவியலாளர் ஹாரி பிரியர்லி இந்த ஸ்டீலிடம் வந்து சேர்ந்ததே, துப்பாக்கிக் குழலின் உட்புறம் அரிக்காமல் இருக்க வழி தேடியபோதுதான். அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் மாடல் 60, ஸ்டெயின்லெஸ் ரிவால்வராக வெளிவந்தது 1965-இல். இத்தனை வருஷமாகியும் தேய்க்கச் சொல்லித் தருகிறவர்கள் அந்த அஞ்சு நிமிஷத்தைத் தாண்டவில்லை.

மூன்றாவது ஞாயிறு. தகட்டை அதன் இடத்தில் திருகி, எழுத்துகள் மேல் டேப் ஒட்டினேன் (சீரியல் நம்பர் பக்கம் எமரித்தாள் போகவே கூடாது, அது சட்டத்தோடு விளையாடுவது). தட்டையான மரத்துண்டில் 400 நம்பர் எமரித்தாள், அப்புறம் அதைவிட நைசான 600. விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் என்பதால்தான் மரத்துண்டு. பிறகு சாம்பல் நார்ப்பட்டையால் முன்னிருந்து பின்னாக, ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில், பரப்பு முழுவதும் ஒரே இழுப்பு. நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடம் தெரியும். கை கொஞ்சம் வளைந்தால் இழையும் வளையும். புதுப் பட்டை ஆழமாகக் கீறுகிறது, பழைய பட்டை மழுப்புகிறது. கடைசியில் எல்லாம் முடிந்தது என்று ஜன்னலோரம் கொண்டுபோனால், 400-இன் ஒரு கீறல் குறுக்கே படுத்துக்கொண்டு சிரிக்கிறது. மறுபடி முதலில் இருந்து.

சாயங்காலம் ஒருவழியாகத் தகடும் ஃபிரேமும் ஒன்றாயின. அந்த வாய்க்கால் மட்டும் மறையவில்லை, மறையவும் மறையாது. துடைத்து, எண்ணெய் பூசி, எல்லாவற்றையும் மாட்டி மேஜையில் வைத்துப் பார்த்தேன்.

இப்போது சிலிண்டர்தான் பழசாகத் தெரிகிறது.