தரகருக்கும் ஒரு பரீட்சை வையுங்கள்

பத்திரம் எழுதுகிறவருக்கு நம் மாநிலத்தில் லைசென்ஸ் வேண்டும். லீகல் ஒப்பீனியன் கொடுக்கிற வக்கீல் பார் கவுன்சிலில் பதிந்தவர். அளக்க வருகிற சர்வேயர் பயிற்சி முடித்தவர். ஆனால் இவர்கள் எல்லோருக்கும் முன்னால் வந்து, "இதைவிட நல்ல இடம் கிடைக்காதுண்ணே" என்று சொல்லி நம் ஆயுள் சேமிப்பை ஒரு மனையில் இறக்க வைக்கிறாரே தரகர், அவருக்கு என்ன தகுதி வேண்டும்? ஒரு பைக், ஒரு செல்போன், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட நாலு லேஅவுட் படம்.

"அதான் ரெரா வந்துடுச்சே" என்பீர்கள். வந்தது, நல்லதுதான். 2016-ல் நிறைவேறி, 2017 மே 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் அது. ரெராவில் பதிவான ப்ராஜெக்டில் மனையோ ஃப்ளாட்டோ விற்றுக் கொடுக்கும் தரகர், ஏஜென்டாகப் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது 9-ஆம் பிரிவு. பதிவில்லாமல் தொழில் செய்தால் நாளொன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம். அது சொத்து விலையில் 5 சதவீதம் வரை போகலாம். கேட்கவே கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அந்தப் பதிவுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். பான் கார்டு, போட்டோ, முகவரிச் சான்று, மூன்று வருட வருமான வரிக் கணக்கு. சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுகிற வில்லங்கச் சான்று, அதாவது ஈசி என்றால் என்ன என்று ஒரு கேள்வி? அது சட்டத்திலேயே இல்லை. ஆள் யார் என்று தெரிந்துகொள்கிறார்கள். ஆளுக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பது என் மச்சான் ஒரகடம் பக்கம் மனை பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. தரகர் நல்ல மனிதர், பேச்சில் தேன். லேமினேட் செய்த லேஅவுட்டை பைக் சீட்டின் மேல் விரித்து, "முப்பதடி ரோடுண்ணே, ஈசி கிளியர், இன்னைக்கு டோக்கன் போட்டாத்தான் கார்னர் பிளாட் நிக்கும்" என்றார். மச்சான் ஐம்பதாயிரம் டோக்கன் கொடுத்தான். பேப்பரெல்லாம் வக்கீலிடம் போனது. விற்பது நிலத்துக்காரர் அல்ல, அவர் சார்பில் விற்க அதிகாரப் பத்திரம் (பவர்) வாங்கிய பவர் ஏஜென்ட். வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "பவர் எழுதிக் கொடுத்தவரோட உயிர்வாழ் சான்று எங்கே?" விசாரித்தால், அந்தப் பெரியவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

தரகரிடம் போய்க் கேட்டோம். அவர் பதறவில்லை, மழுப்பவும் இல்லை. "அவர் தவறினா என்னண்ணே? பவர்தான் ரிஜிஸ்டர் ஆகியிருக்கே!" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. பவர் கொடுத்தவர் இறந்தால் பொதுவாக அந்த அதிகாரமும் அதோடு முடிந்துவிடும் என்பது 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருப்பதாகச் சொன்ன ஒருவருக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. (டோக்கனில் பாதிதான் திரும்பி வந்தது. அது தனிக் கதை.)

ரியல் எஸ்டேட் என்றாலே மோசடி என்று பேசுகிறோம். மோசடிக்காரனுக்கு போலீஸ் இருக்கிறது, கோர்ட் இருக்கிறது. தெரியாமலே தப்பான சொத்தைத் தலையில் கட்டுகிற அப்பாவித் தரகர்தான் எண்ணிக்கையில் அதிகம் என்பது என் அனுமானம். இந்த நோய்க்குப் பரீட்சைதான் மருந்து.

அந்த 'ஈசி கிளியர்' விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை வருடத்துக்கு ஈசி போட்டார்கள் என்று கேட்டால் பாதிப் பேர் பதின்மூன்று வருடம் என்பார்கள். அதற்கு முந்தைய அடமானம் அந்தச் சான்றில் எப்படித் தெரியும்? முப்பது வருடம் போட்டாலும் எல்லாம் வந்துவிடாது. பதிவாகாத ஒப்பந்தம் வராது. உயில் பதிவாகியிருந்தாலும் அது பதிவு அலுவலகத்தில் வேறு புத்தகத்தில் ஏறுவதால் ஈசியில் தலைகாட்டாது. அப்பா உயிலில் தங்கைக்கு எழுதி வைத்த நிலத்தை அண்ணன் விற்கிறான் என்றால் ஈசி வாயைத் திறக்காது. பட்டா அதுபோல இன்னொரு மயக்கம். பட்டா வருவாய்த்துறை ஆவணம். அது மட்டுமே கிரயப் பத்திரத்துக்கு ஈடாகாது. 1892-ல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலம், கோயில் நிலம், ஏரிப் புறம்போக்கு இவையெல்லாம் எந்த ஆவணத்தில் எப்படி அடையாளம் தெரியும் என்பது கமிஷன் வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்ற சொல்லை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சென்னைப் பகுதியில் சிஎம்டிஏ (பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் வேண்டும். பஞ்சாயத்துத் தலைவர் சீல் குத்தினால் மட்டும் அது அங்கீகாரம் ஆகிவிடாது. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவை நிறுத்தியபோது எத்தனை குடும்பங்கள் தவித்தன! 2017-ல் வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்து, 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்கு வழி பிறந்தது. அந்த மனைகளை விற்றுக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் தெரிந்தே செய்திருப்பார்கள்?

மகாராஷ்டிரம் விழித்துக்கொண்டது. அங்கே 2023-ல் அந்த மாநில ரெரா ஆணையமான மகாரெரா ஓர் ஆணை போட்டது: ஏஜென்டுகள் பயிற்சி எடுத்து, தேர்வு எழுதி, தகுதிச் சான்று வாங்க வேண்டும். பயிற்சி மொத்தமே 20 மணி நேரம்தான். கலிபோர்னியாவில் விற்பனை லைசென்ஸுக்குப் பரீட்சை எழுதும் முன்னே 135 மணி நேரம் படிக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் இருபது கொசுறு. இருந்தாலும் ஒன்றுமே இல்லாததற்கு இது மேல்.

எனக்குப் பிடித்தது சிங்கப்பூர் ஏற்பாடு. அங்கே இருக்கிற நம் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். 2010-ல் இதற்கென்றே ஒரு கவுன்சில் அமைத்தார்கள். ஏஜென்ட் ஆக 21 வயது, ஓ லெவல் என்கிற பள்ளி இறுதித் தேர்வில் குறைந்தது நான்கு பாடங்களில் தேர்ச்சி அல்லது அதற்கு நிகரான படிப்பு, தனிப் பயிற்சி, தனித் தேர்வு. ஏஜென்டின் போன் நம்பரைப் போட்டாலே பொதுப் பதிவேட்டில் ஆள் அசலா என்று தெரிந்துவிடும். ஒரே பேரத்தில் வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் அவரே ஏஜென்டாக இருக்க முடியாது. வீடு விற்கிற பணத்தை அவர் கையால் வாங்கவே கூடாது. இங்கே டோக்கன் தரகர் சட்டைப் பையில், கமிஷன் இரண்டு பக்கமும். யாருக்காகப் பேசுகிறார் என்று அவருக்கே குழப்பம் வராதா?

இதைச் சொன்னால் ஒரு நியாயமான கேள்வி வரும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஊரில் யார் வீடு விற்கிறார் என்று விரல் நுனியில் வைத்திருக்கிற பெரியவரைத் துரத்திவிட்டு, டை கட்டிய கம்பெனிகளுக்கும் ஆப்களுக்கும் சந்தையைத் தூக்கிக் கொடுக்கவா இந்தப் பரீட்சை? அந்தப் பயம் எனக்கும் உண்டு. டிகிரி கேட்டால் நானே எதிர்ப்பேன். பட்டதாரியாக இருப்பதற்கும் மூலப்பத்திரம் படிப்பதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தேர்வு தமிழில் இருக்கட்டும், தாலுகா ஊரிலேயே எழுதும்படி இருக்கட்டும், கட்டணம் ஒரு நாள் கமிஷனைத் தாண்டாமல் இருக்கட்டும். எழுதத் தடுமாறுகிறவருக்கு வாய்மொழித் தேர்வு வையுங்கள். ஒரு ஈசியையும் ஒரு கூட்டுப் பட்டாவையும் கையில் கொடுத்து, "இதில் என்ன சிக்கல்?" என்று கேளுங்கள். டீக்கடைப் பெரியவர் நிச்சயம் தேறிவிடுவார். டை கட்டியவர்தான் திணறுவார் என்று நினைக்கிறேன்.

தேர்வு வந்தாலும் ஒரு பெரிய பகுதி வெளியே நிற்கும். ரெரா, பதிவு பெற வேண்டிய புதுத் திட்டங்களைத்தான் தொடுகிறது. 500 சதுர மீட்டருக்கும் உட்பட்டு, எட்டு வீட்டுக்கும் மிகாத சின்னத் திட்டம் அதில் வராது. தனியார் ஒருவர் விற்கிற பழைய வீடு வராது. ஒரு மாத வாடகையைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுக்கிற வாடகைத் தரகரும் வரமாட்டார். நம்மில் பெரும்பாலானோர் வாழ்க்கையில் தரகரைச் சந்திப்பதே இந்த இடங்களில்தான். இவர்களையெல்லாம் உள்ளே கொண்டுவர சட்டத்தைத் திருத்த வேண்டும், அதற்கு வருடங்கள் ஆகும். ஆனால் ஏற்கெனவே பதிவு எண் வைத்திருக்கிற ஏஜென்டுகளுக்குத் தேர்வு வைக்க டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. மும்பையில் ஓர் ஆணையில் நடந்தது. சென்னையிலும் ஓர் ஆணை போதும்.