கையெழுத்திலேயே எழுதிப் பழகிய எழுத்தாளர்களுக்கு: தமிழ்99 விசைப்பலகையில் தொடங்குங்கள்

அறுபதைத் தாண்டிய எழுத்தாளர்கள் பலர் "இனிமே கம்ப்யூட்டர் கத்துக்கிட்டு என்ன ஆகப்போகுது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வயதைக் காரணம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பெரும்பாலும் கோளாறு தொடங்கும் விதத்தில்தான். புதுக் கருவியில் புதுக் கதையை எழுத உட்காருகிறார்கள். 'ழ' எந்த விசையில் என்று தேடுவதற்குள் மனதில் ஓடிய வாக்கியம் போய்விடுகிறது. போனது போனதுதான் என்ற ஆத்திரம் கணினி மேல் திரும்புகிறது.

அதனால் முதல் ஒரு மாதம் புதிதாக எதையும் கணினியில் எழுதாதீர்கள். ஏற்கெனவே அச்சான உங்கள் பக்கம் ஒன்றை எடுத்து, தினமும் இருபது நிமிடம் பார்த்துத் தட்டுங்கள். புதுக் கதை பேனாவிலேயே நடக்கட்டும்.

அதற்கும் முன்னால் ஒரு பயிற்சி. ஒரு பத்தியை வேண்டுமென்றே அழியுங்கள். கண்ட்ரோல் விசையோடு இசட் தட்டினால் திரும்பி வரும். கை அதை நம்பும்வரை செய்யுங்கள். "தப்பா எதையாவது அமுக்கிட்டா எல்லாம் போயிடும்" என்ற நடுக்கம் பாதி அங்கேயே குறையும். பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: மவுஸைப் பிடுங்கி நீங்களே செய்து முடிக்காதீர்கள். விரல் எழுத்தாளருடையதாக இருந்தால்தான் பழகும்.

விசைப்பலகை? ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் முறை முதல் நாள் சுலபம். ஆனால் ஒவ்வொரு சொல்லையும் ஆங்கில எழுத்தாக்கி யோசிக்க வைக்கும். தமிழிலேயே எழுதிப் பழகியவருக்கு அது வீண் சுமை. 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகை அமைப்பு போதும். உயிர் எழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்பதற்கு அ, ம, ம, ஆ என நான்கே தட்டு. புள்ளி தானாக விழும். ந-வும் த-வும் அடுத்தடுத்து வந்தால் 'ந்த' ஆகிவிடும். 'மமதை' போன்ற சொல்லில் அந்தப் புள்ளி வேண்டாம் என்றால் இரண்டு ம-வுக்கும் நடுவில் ஒரு அ தட்டுங்கள். தட்டச்சு இயந்திரம் பழகியவர்கள் கொம்பை முதலில் தேடுவார்கள். இங்கே 'கொ' வேண்டுமானால் க, பிறகு ஒ. இப்போதைய விண்டோஸில் தமிழ் மொழியைச் சேர்த்து, அதன் விசைப்பலகைகளில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்தால் போதும். விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையைத் தட்டினால் மொழி மாறும்.

குரல் தட்டச்சு கட்டுரைக்கு உதவும். வட்டார வழக்கில் உரையாடல் எழுதுபவர்கள் அதை நம்ப வேண்டாம். ர-ற, ன-ண தடுமாற்றத்தையும் கையால்தான் திருத்தியாக வேண்டும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்புகளைத் தூக்கிப்போடாதீர்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், அவ்வளவுதான். மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒரு நகலை மட்டும் எழுத்துரு மாற்றும் மென்பொருளில் போட்டு, இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடாக்குங்கள். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அது பொருளற்ற தமிழாகிவிடும். 'கௌரவம்' என்பது 'கெளரவம்' என்று கொம்பும் ளகரமுமாக வந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் தேடும்போது சிக்காது. அதைத் திருத்தப் போய், 'கெள' வரும் இடமெல்லாம் 'கௌ' என்று ஒரே தட்டில் மாற்றிவிடாதீர்கள். கெளுத்தி மீனும் சேர்ந்து கெட்டுவிடும். ஒவ்வொன்றாகப் பார்த்தே மாற்றுங்கள்.