ரெக்கார்டை மனப்பாடம் செய்துவிட்டுக் கச்சேரிக்குப் போகாதீர்கள்

ஒரு ப்ளூஸ் ராக் பாட்டு பிடித்துப்போகிறது. ஒரே வாரத்தில் ஐம்பது தடவை கேட்டு, கிட்டார் தனித்து முன்னே வரும் சோலோவை இழை இழையாக மனதில் ஏற்றிக்கொண்டு, அதே கலைஞரின் கச்சேரிக்கு டிக்கெட் எடுக்கிறோம். ஏமாந்து திரும்புவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. "ரெக்கார்டுல இருக்கிற மாதிரி வாசிக்கலையே" என்ற புலம்பல் இப்படித்தான் பிறக்கிறது. வாசிக்க மாட்டார்கள். இந்த இசையில் ரெக்கார்டு என்பது ஒருநாள் வாசித்தது, அவ்வளவுதான்.

அமெரிக்க ராக் குழுவான ஆல்மன் பிரதர்ஸ் பேண்டின் ‘விப்பிங் போஸ்ட்’ பாட்டு 1969 ஆல்பத்தில் ஐந்து நிமிடச் சொச்சம். 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் மேடையில் அதே பாட்டு ஏறக்குறைய 23 நிமிடம் ஓடுகிறது. முதலாவதை மனப்பாடம் செய்தவருக்கு இரண்டாவதில் பதினேழு நிமிடத்துக்கு மேல் அந்நிய தேசம்.

மனதில் ஏற்ற வேண்டியது சோலோவை அல்ல, சட்டகத்தை. பெரும்பாலான ப்ளூஸ் பாட்டு 12 பார் கொண்ட ஒரு சுற்று. பார் என்பது தாளத்தின் ஒரு கட்டம், பாருக்கு நான்கு எண்ணிக்கை. பின்னணியில் கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம், மாறிக்கொண்டே வரும். ஏ ஸ்கேலில் என்றால் முதல் நான்கு பார் ஏ கார்டு, அடுத்த இரண்டு டி, மறுபடி இரண்டு ஏ, ஒன்பதாவது ஈ, பத்தாவது டி, கடைசி இரண்டில் ஏ-க்கு வந்து அடுத்த சுற்றுக்குத் திரும்பும் வளைவு. சில பாட்டில் இரண்டாவது பாரிலேயே டி எட்டிப் பார்க்கும். அதில் குழம்பிவிட வேண்டாம். அடி ஸ்வரங்களைத் தாங்கும் பேஸ் கிட்டாரை மட்டும் கேளுங்கள், ஐந்தாவது பாரில் தரை நகர்வது தெரியும். பாட்டு வரிகளும் இதே கணக்குதான்: ஒரு வரி, அதே வரி மறுபடி, மூன்றாவதாக ஒரு முடிப்பு வரி. ஒவ்வொன்றுக்கும் நான்கு பார். அதில் பாதி குரலுக்கு, மீதி கிட்டாரின் பதிலுக்கு. ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான பி.பி. கிங் இந்தக் கேள்வி-பதிலில் கரைகண்டவர்: பாடும்போது கிட்டார் வாயைத் திறக்காது.

எண்ணி எண்ணிப் பார்த்தும் உதைக்கிறதா? பழைய தனிக் கலைஞரின் பதிவாக இருக்கும். 1936-இல் ராபர்ட் ஜான்சன் பதிவு செய்த ‘கிராஸ் ரோட் ப்ளூஸ்’ பாட்டில் பார்கள் நீளும், குறுகும். கூட வாசிக்க ஆள் இல்லாதபோது யாருக்குக் கணக்குக் காட்ட வேண்டும்? அதையே 1968 மார்ச்சில் க்ரீம் குழு சான்பிரான்சிஸ்கோ மேடையில் வாசித்தபோது மூன்று பேர் சேர்ந்து நகர வேண்டியிருந்தது, சுற்று இறுகிவிட்டது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். விப்பிங் போஸ்ட்டின் எடுப்பு இந்தக் கணக்கிலேயே சேராது: அங்கே எண்ணிக்கை நான்கு நான்காக வராது, 3, 3, 3, 2 என்று பதினொன்று.

கிட்டாரை வைத்துக்கொண்டு ஸ்டீவி ரே வான் பாட்டோடு சேர்ந்து வாசிக்கப் பார்த்து ஒட்டவில்லை என்றால் காதைத் திட்டாதீர்கள். அவர் ஆறு கம்பிகளையும் அரை ஸ்வரம் இறக்கி வைத்திருப்பார்.

இனி எங்கே நிற்பது. மேடைக்கு நேர் முன்னால் என்று அடித்துப்பிடித்துப் போகிறவர்களுக்குக் கிடைப்பது டிரம்ஸும், கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியான ஆம்ப்பும். குரல் வருவது இருபுறமும் இருக்கிற பெரிய ஸ்பீக்கர்களில். அது தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும். கிட்டார் ஆம்ப் வேறு டார்ச் அடித்த மாதிரி நேர்கோட்டில் பாயும்: எதிரே நின்றால் காதைக் கிழிக்கும், இரண்டடி தள்ளினால் மந்தமாகிவிடும். சவுண்ட் மிக்சர் மேசைக்குச் சற்று முன்னால்தான் என் ஓட்டு. மிக்ஸ் செய்கிறவர் கேட்கிற ஒலி அங்கேதான் உங்களுக்கும் கிடைக்கும்.

காதடைப்பான் இல்லாமல் போகவே போகாதீர்கள். பணியிடங்களுக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபெலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெலில் 15 நிமிடம்தான். பஞ்சு மாதிரியான அடைப்பானை மெல்லியதாக உருட்டி, மறுகையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலை வைத்திருக்க வேண்டும். பாதியில் விட்டால் அடைத்த மாதிரியும் இருக்கும், பாதுகாப்பும் இருக்காது. அது கூரான ஒலிகளை அதிகம் விழுங்கிவிடும் என்பதால், இசைக்கென்றே செய்த வடிகட்டி வைத்த அடைப்பான் மேல்.

பாட்டுக்குப் பாட்டு ட்யூன் செய்கிறாரே என்று சலிப்பவர்கள் உண்டு. ப்ளூஸில் கம்பியைத் தள்ளி வளைத்துக்கொண்டே இருக்கிறார்கள். அது தன் இடத்துக்குச் சரியாகத் திரும்பாது. மேடை விளக்கின் சூடும் சேர்ந்துகொள்ளும்.

சோலோவில் இடது கையையே பார்க்காதீர்கள், வலது கையின் சுண்டுவிரலையும் பாருங்கள். கிட்டாரின் வால்யூம் குமிழ் அங்கேதான். குமிழைக் குறைத்தால் வால்வு (கண்ணாடிக் குழாய்) வைத்த ஆம்ப்பின் கரகரப்பு அடங்கித் தெளிந்த ஒலி வரும், ஏற்றினால் மறுபடி உறுமும். பிறகு பதினொன்றாவது பார் வரும்போது முகத்தைப் பாருங்கள். டிரம்மர் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினால் பெரும்பாலும் சோலோ முடிகிறது. கண்ணை மூடிக்கொண்டே இருந்தால் இன்னும் ஒரு சுற்று நிச்சயம்.