ஷூ வாங்கும்போது முதலில் அடிப்பக்கம் பாருங்கள்

ஆபீஸுக்குப் போட நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு கறுப்பு ஷூ வாங்கினேன். பெரிய பிராண்டுதான், பேர் வேண்டாம். ஒரு வருடம் தாண்டியதும் விரல் மடங்குகிற இடத்தில் மேல்பூச்சு வெடித்தது, பாலிஷ் போட்டு மறைத்தேன், அடுத்த மழையில் சோல் வாயைப் பிளந்தது. தெருமுனையில் தைக்கிற அண்ணன் திருப்பிப் பார்த்துவிட்டு, "தையல் போட்டா அந்த ஓட்டையிலேயே கிழியும் தம்பி" என்றார்.

அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் கவனிக்க ஆரம்பித்தேன். 'ஜெனுயின் லெதர்' என்ற முத்திரை அது தோல் என்று மட்டும்தான் சொல்கிறது, எந்தத் தரத்துத் தோல் என்று சொல்லாது. தழும்பும் கீறலும் உள்ள தோலைத் தேய்த்துவிட்டு மேலே கனமாகப் பூச்சு ஏற்றினால் கடை வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி மின்னும், நாம் மயங்கிவிடுவோம். ஃபுல் கிரெயின் தோல், அதாவது மேல்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே விட்ட தோல், அவ்வளவு பளபளக்காது. கட்டை விரலால் அழுத்தினால் பொடிப்பொடியாகச் சுருக்கம் விழும். அதைத்தான் நான் பார்ப்பேன்.

அப்புறம் சோல். இந்த விலையில் பெரும்பாலும் பசை போட்டு ஒட்டியதுதான் கிடைக்கும். குட்இயர் வெல்ட் என்றால் ஓரமாக ஒரு தோல் பட்டை ஓடும், அதோடு சோலைத் தைத்திருப்பார்கள், தேய்ந்தால் பிரித்து வேறு சோல் போடலாம். ஒட்டின ஷூவிலேயே சும்மா அழகுக்கு ஒரு தையல் கோடு போட்டு விற்கிறார்கள் பாருங்கள், அதுதான் எரிச்சல்! கவிழ்த்துப் பாருங்கள், நிஜத் தையல் என்றால் பெரும்பாலும் அடியிலும் நூல் தெரியும்.

இப்போது போடுவது ஒன்பதாயிரத்துக்கு வாங்கிய வெல்ட் ஷூ. நாலாவது வருடம், ஒரு தடவை சோல் மாற்றியாயிற்று. அதை மாற்றித் தர ஆள் தேடி அலைந்ததையும் சொல்லிவிடுகிறேன், தெருமுனை அண்ணனிடம் அதற்கான மெஷின் இல்லை.

வருடத்துக்கு இரண்டு கல்யாணத்துக்கு மட்டும் ஷூ போடுகிறவருக்கு இந்தச் செலவு வேண்டாம், ஒட்டினதே போதும். ஆனால் பி.யூ. (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்) சோல் வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். காற்றில் இருக்கும் ஈரமே அதை அரித்துவிடும், மூணு நாலு வருடம் கழித்து எடுத்தால் மண்டபத்து வாசலிலேயே பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் சோலாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆம்பூர் பக்கம் போனால் பிரியாணியோடு திரும்பிவிடாமல் அங்குள்ள ஷூ கடைகளிலும் ஏறி இறங்குங்கள். வெளிநாட்டு பிராண்டுகளுக்குத் தைத்துக் கொடுக்கிற ஊர் அது. ஏற்றுமதியில் மிஞ்சியது சில சமயம் நல்ல விலைக்குக் கிடைக்கும், இரண்டு காலும் ஒரே சைஸா என்று மட்டும் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.